சிவப்பு விழுந்திருக்கு

பிப்ரவரி 11, செவ்வாய். ஸ்கேன் அறையில் "போலாமா மாஸ்டர்?" என்று கேட்டது தவறு.

இதை எழுதிவிட்டு, சின்னத் தவறா பெரிய தவறா என்று மாலை வகுப்பு தொடங்கும்வரை அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். பகலில் மனநல மருத்துவமனையில் வார்டு உதவியாளர் வேலை. மாலையில் நர்சிங் வகுப்பு. தினமும் கற்றதை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். இவளுக்குச் சொதப்பியதை எழுதவே பக்கம் போதவில்லை.

மாஸ்டர் காலமெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். நோயாளியாக வார்டுக்கு வந்தும் வேலையை விடவில்லை. நடைவழியில் திரும்புகிறவர்களை இண்டிகேட்டர் போடச் சொல்வார். பக்கத்துத் தட்டு ரொட்டியை, தன் தட்டில் இருப்பதுபோலவே எடுத்துத் தின்பார். அவளுக்கு அவர் வைத்த பெயர் எல் போர்டு. பெரிய டாக்டரைப் பார்த்து, "பின்னாடி லோடு ஜாஸ்தி, மேடு ஏறாது" என்று சொன்னார். மறுநாளே மாஸ்டருக்கு மாத்திரை கூடியது. உற்சாகம் தலைக்கேறும் மேனியா நோய் என்றுதான் சீட்டில் எழுதியிருந்தது. புதிதாக வந்த சின்ன டாக்டர் அதை நம்பவில்லை. இவரிடம் உற்சாகம் ஒன்றும் இல்லை; கூச்சம் போய்விட்டது, எதிரே ஒருவர் அழுதாலும் உறைப்பதில்லை, அவ்வளவுதான் என்றார். மூளையைப் படம் எடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். மயக்க மருந்தை மாஸ்டரின் இதயம் தாங்காது. அவராகவே அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

படுத்தார். பாதியில் இயந்திரம் சற்று ஓய்ந்தது. பழகிய குரல் என்று மைக்கை அவளிடம் கொடுத்திருந்தார்கள்; அடுத்த படத்தைத் தொடங்கலாமா என்ற அர்த்தத்தில்தான் அவள் அதில் அப்படிக் கேட்டாள். மாஸ்டர் காற்றிலேயே கியர் மாற்றி, குழாய்க்குள்ளிருந்து நழுவி வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் அவருடைய மனைவியை வரவழைத்தார்கள். அந்த அம்மாள் ஒரு வருடமாகத் துணிப்பையை வாசலோடு கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர். அம்மாளின் தம்பி செத்துக் கிடந்தபோது, அழுகிற ஜனங்களுக்கு நடுவே நின்று மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தாராம். சிரித்து முடித்ததும் பசிக்கிறது என்றாராம்.

"குணமாகுறது கெடக்கட்டும்மா," என்றார் அம்மாள். "வேணும்னு பண்றாரா, இல்லையா? அத மட்டும் டாக்டரச் சொல்லச் சொல்லு. வேணும்னுதான்னா, இனிமே இந்தப் பையக்கூட கொண்டுவர மாட்டேன்."

அவள் நேற்றைய தவறை ஒப்புக்கொண்டாள். அம்மாள் திட்டவில்லை. சிவப்பு விழுந்திருக்கு என்று சொல்லிப் பார்க்கச் சொன்னார். ஆளில்லாத ரோட்டில்கூட மாஸ்டர் சிக்னலை மதித்து நிற்பாராம். "எங்க கல்யாணத்துக்கே அப்படித்தான் லேட்டு."

மாஸ்டரை மறுபடி குழாய்க்குள் படுக்கவைத்ததும் அவள் மைக்கில் சொன்னாள். மாஸ்டர் கட்டையாகக் கிடந்தார். இயந்திரம் தடதடவென்று அடிக்க ஆரம்பித்ததும் உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"சிவப்புல நிக்கிறேன், கண்ணு தெரியல? எதுக்குடா ஹாரன் அடிக்கிற?"

அவள் இந்த முறை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பிற்பகலில் சின்ன டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து அம்மாளுக்குக் காட்டினார். நெற்றிக்குப் பின்னால் மூளை சுருங்கி, அந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. கூச்சமும் இரக்கமும் அங்கேதான் இருக்கின்றன, தோன்றியதையெல்லாம் செய்யாமல் நம்மைத் தடுப்பதும் அந்த இடம்தான் என்றார். இது மேனியா இல்லை. வேண்டாத மாத்திரைகளை நிறுத்தலாம். நோய் மட்டும் குணமாகாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்.

"அப்ப வேணும்னு சிரிக்கல."

"இல்லம்மா."

அம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வருஷமா நான் யாரோட சண்ட போட்டுட்டிருந்தேன்?" என்று கேட்டார். 

பிறகு சாப்பாட்டு அறைக்குப் போய் மாஸ்டருக்கு எதிரே உட்கார்ந்தார். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்குத் தலை நரைச்சுடுச்சு."

"எல்லாம் உங்க புண்ணியம்."

அம்மாளின் ரொட்டி மாஸ்டரின் வாய்க்குள் போனது. மிச்சத்தையும் அம்மாள் தட்டோடு அவர் பக்கம் தள்ளினார். தள்ளும்போது மாஸ்டரின் விரல்கள் கண்ணில் பட, முகத்தைச் சுளித்தார். "இது நகமா, மம்பட்டியா?"

நகவெட்டியோடு போனால் மாஸ்டர் யாரையும் கிட்டே விடுவதில்லை என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அம்மாள் வெறும் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டார்.

பிப்ரவரி 12, புதன். நாளை பதினொரு மணிக்கு மாஸ்டருக்கு நகம் வெட்ட வேண்டும். கையை அவர் மனைவி பிடித்துக்கொள்வார்.