கிளிசரின் போதும்

"அதை எடுத்துட்டு வேற படம் வைங்க," என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள், சேனல்காரர்கள் அந்தப் பெரிய படத்தைத் தம்பியின் தலைமாட்டில் நிறுத்தியே விட்டார்கள். தம்பி பொடியனாக நடித்த பழைய சினிமாவின் படம் அது; ஏழு வயதுப் பையன் கன்னமெல்லாம் கண்ணீர் வழிய அழுதுகொண்டிருந்தான். கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் பாதி நரைத்த தாடியோடு நாற்பத்தொன்பது வயது ஆள் படுத்திருந்தான்.

"இந்த முகந்தாம்மா ஜனங்களுக்குத் தெரியும். பொடியன்னு சொன்னாலே உருகிடுவாங்க," என்றான் படத்தைத் தூக்கி வந்தவன்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடிட்டிங் அறையில் டீ வாங்கிக் கொடுப்பதில் ஆரம்பித்து, முட்டி மோதி, ஐந்து தொடர்களைத் தயாரித்தவன். கடைசியில் மிஞ்சியது இந்தப் பொடியன் பட்டம்தானா?

அந்தக் கண்ணீர் வந்த விதம் இன்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. எவ்வளவு மிரட்டியும் தம்பிக்கு அழுகை வரவில்லை. அந்த சினிமாவின் இயக்குநர் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "உங்கம்மாவை லாரி அடிச்சிட்டுதுடா," என்றார். அம்மா விளக்குகளுக்குப் பின்னால் குத்துக்கல்லாட்டம் நின்றிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அக்காவும்தான் திறக்கவில்லை. ஒரே டேக். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் யார் வர ஐந்து நிமிஷம் தாமதமானாலும் தம்பி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பான். கல்யாணமே வேண்டாமென்று அக்கா வீட்டு மாடியிலேயே இருந்துவிட்டான். தயாரிப்பாளர் ஆன முதல் நாளே ஒரு சட்டம் போட்டான். எடுப்பது கதைதான் என்று குழந்தையிடம் சொல்லிவிட வேண்டும். பெற்றவர் குழந்தையின் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார வேண்டும். அழுகைக்குக் கிளிசரின் போதும். "நேச்சுரலா வராதே சார்," என்று யாராவது முனகினால், "வராட்டி சீனைத் தூக்கிடுங்க," என்பான். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

நேற்றுக் காலை தொடர் எடுக்கும் செட்டில்தான், நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான்.

அக்கா தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். ஜன்னலுக்கு வெளியே, தம்பியின் தொடரை எடுக்கும் இயக்குநர் கேமராமேனிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா கார்ல இருக்கா. நேத்து அவ செட்டுக்கு வரலை, சார் இறந்தது அவளுக்குத் தெரியாது. ஷூட்டிங்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கு. உள்ள வந்து பாக்கறப்ப அந்த மூஞ்சியை விட்டுடாதே. அடுத்த வாரம் கதையில அவ அப்பா சாகற சீன்ல அப்படியே ஒட்டிக்கலாம்."

அடப்பாவி! தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு அக்கா பின்வாசல் வழியாக வெளியே வந்தாள்.

"அவன் இன்னும் வீட்டை விட்டுக்கூடப் போகலை. அதுக்குள்ள அவன் போட்ட சட்டத்துக்குக் குழி தோண்டறியா? நெஞ்சில ஈரம்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

"அக்கா, இது சாருக்குச் செய்யற மரியாதை..."

"மரியாதையாம் மரியாதை! தள்ளுய்யா."

காருக்குள் சிறுமி தலைவாரி, பொட்டு வைத்து, வசனத்தாளோடு தயாராக இருந்தாள். தொடரில் நடிக்கும் குழந்தை, ஏழு வயது. பக்கத்தில் அவள் அம்மா.

"சொல்லக்கூடாதுன்னுட்டார் டைரக்டர் சார்," என்றாள் அம்மா, அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கத்தான் அக்கா வாயெடுத்தாள். ஆனால் அன்றைக்கு விளக்குகளுக்குப் பின்னால் தானும் நின்றவள்தானே. கார்க் கதவருகே குனிந்து சிறுமியின் கையைப் பிடித்தாள்.

"கண்ணு, இன்னிக்கு ஷூட்டிங் இல்லை. புரொடியூசர் மாமா நேத்து செத்துப்போயிட்டார்."

"கதையிலயா?"

"இல்லம்மா. நெஜமாவே."

சிறுமி யோசித்தாள். "நான் அழணுமா ஆன்ட்டி?"

"வேணாம். உனக்கா வந்தா அழு. வராட்டி யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மாமாவைப் பாக்கறியா? இப்படியே வீட்டுக்குப் போறதுன்னாலும் போகலாம்."

"பாக்கறேன்."

இரண்டு பேரும் கைகோத்தபடி கூடத்துக்குள் வந்தார்கள். சட்டமாவது ஒன்றாவது, கேமரா தயாராகத்தான் இருந்தது. இயக்குநர் சுவரோரமாக நின்று அக்காவை முறைத்தார். அக்கா சிறுமியை மறைத்துக்கொண்டு நடந்தாள்.

சிறுமி அழவில்லை. பெட்டியருகே போய், கண்ணாடியில் நெற்றி முட்ட, மாமாவின் மார்பையே பார்த்தாள். பிணமாக நடிப்பவர்கள் திருட்டுத்தனமாக மூச்சு விடுவது அவளுக்குத் தெரியும். அதைப் பார்த்துச் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறாள். இப்போது வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, நேராக இயக்குநரிடம் போனாள்.

"அங்கிள், கட் சொல்லுங்க."

இயக்குநர் கேமராமேனைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க அங்கிள். மாமா எழுந்திரிக்கட்டும்."

கேமராமேன் கேமராவைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான். சிறுமி இயக்குநரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.