எண்பதில் நின்ற முள்

என் ஜாவாவின் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் தியானெலிஸ். சந்தியாகோ நீர்வள அலுவலகத்தில் அவளுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. பேட்டரி வண்டி வைத்திருக்கிறாள். ஒரு திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து இருவரும் ஒரே சாலையில் போய்க்கொண்டிருந்தோம்.

“லெயோ, எவ்வளவுல போறே?” என்று கத்தினாள்.

“அறுபது.”

“அறுபதா? எனக்கு நாப்பத்தாறு காட்டுது. நான் உன் பக்கத்துலயேதான வர்றேன்? உன் தாத்தா வண்டிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு.”

வண்டி என் அப்பாவுடையது. எழுபத்தெட்டில் வந்த ஜாவா 350. அவள் கையாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

நான் வீட்டுக்குப் போகாமல் நெடுஞ்சாலைக்குப் போனேன். முள்ளை அறுபதில் வைத்துக்கொண்டு கிலோமீட்டர் கற்களுக்கு இடையே கடிகாரத்தைப் பார்த்தேன். அறுபதில் போனால் ஒரு கல்லுக்கு அறுபது வினாடி ஆக வேண்டும். எழுபத்தேழு ஆனது. அடுத்த கல்லுக்கும் எழுபத்தேழு. அதற்கடுத்த கல்லுக்கும். நான்காவது கல்லில் வண்டியை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

போன பிப்ரவரி மூன்றாம் தேதி மதியம், இந்த வண்டியில்தான் என் மனைவி மைதெலினை ஆறோயோ ஓந்தோவிலிருந்து சந்தியாகோவுக்குக் கொண்டுவந்தேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. அது பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் அவள் வெளுத்துக்கொண்டே வந்தாள் என்பதுதான். ஊரில் இரண்டு கார் உண்டு. இரண்டிலும் பெட்ரோல் இல்லை. அவளுடைய அண்ணன் ஓஸ்னியல் அவளை என் பின்னால் உட்காரவைத்து, போர்வையால் எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டினான்.

முள்ளை எண்பதில் வைத்திருந்தேன். அதற்கு மேல் போனால் சாலைக் குழிகளில் அவளைத் தூக்கிப் போடும். எண்பதில் போனால் அரை மணிக்குள் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். வழியெல்லாம் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். சாலையைப் பார்த்தது குறைவு.

டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: “ஒரு கால் மணி முன்னாடி வந்திருக்கலாம்.”

நான்காவது கல்லில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். முள் அன்றைக்கும் பொய் சொன்னதா, இல்லை அதற்குப் பிறகு கெட்டதா?

மறுநாள் மீட்டரைக் கழற்றாமல் வண்டியோடு சொராய்தாவின் கடைக்குப் போனேன். கடிகாரம், சிகரெட் லைட்டர், மூக்குக்கண்ணாடி, பழைய வண்டி மீட்டர் எல்லாம் பார்ப்பாள். நாற்பது வயது இருக்கும். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகியபடியே ஆளைப் பார்த்துப் பேசுவாள்.

“வா ராசா. மீட்டர் செத்துப்போச்சா, இல்ல உளறுதா?”

“அதிகமா காட்டுது.”

“ஆம்பளைங்க வண்டி எதுதான் அதிகமா காட்டலை?”

லைட்டருக்கு எரிவாயு நிரப்பக் காத்திருந்த கிழவர் சத்தம் போட்டுச் சிரித்தார். நான் மீட்டரைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன். மூடியைத் திறந்து சாமணத்தால் உள்ளே தொட்டாள்.

“இந்தச் சுருள் கம்பி தளர்ந்தா முள் அதிகமா ஏறும். ஆனா இது நல்லாத்தான் இருக்கு. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

“தளர்ந்திருந்தா, எப்ப தளர்ந்ததுன்னு சொல்ல முடியுமா?”

“கம்பி என்ன டைரியா எழுதுது? எப்ப கெட்டா என்ன, இப்ப சரியானாப் போதாதா?”

“எனக்கு எப்பன்னு தெரியணும்.”

பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு தையல் மெஷின் மோட்டாரை மேசைமேல் தூக்கி வைத்தாள். மீட்டரின் வாயை அதில் மாட்டினாள். சுவிட்சைத் தட்டும்போது கரண்ட் போனது.

“போச்சு,” என்றாள். “இனி கடவுள் பாத்து விட்டாத்தான்.”

கிழவர் எழுந்து போனார். நான் போகவில்லை. எனக்குப் போக இடமும் இல்லை. ஊரை விட்டு வந்ததிலிருந்து சித்தி வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். அங்கும் உட்கார்ந்துதான் இருப்பேன். சொராய்தா ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் காப்பி ஊற்றித் தந்தாள். பாதி பட்டாணிப் பொடி கலந்த ரேஷன் காப்பி. சூடு ஆறியிருந்தது.

“இங்கேயே உக்காந்திருக்கியே, பொண்டாட்டி தேட மாட்டாளா?”

“இல்லை.”

“கொடுத்து வெச்சவன். என் புருஷன் அஞ்சு நிமிஷம் லேட்டானா நான் தெருவைக் கூட்டிருவேன்.”

“அவ இல்லை. செத்துட்டா.”

அவள் ஃபிளாஸ்கை மறுபடி எடுத்தாள். தன் பங்குக் காப்பியையும் என் மூடியில் ஊற்றினாள்.

இரண்டரை மணி நேரம் கழித்துத் தெரு முழுவதும் “வந்திருச்சு!” என்று கத்தியது. மோட்டார் சுற்றியது. முள் ஏறி ஓரிடத்தில் நின்றது. அசையவில்லை.

“பாரு. இந்த மோட்டார் நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்து. உன் மீட்டருக்கு அது அறுபது. நிக்குதா அறுபதுல? பிறந்த நாள்லேர்ந்து இது ஒரு பொய்கூட சொன்னதில்லை.”

“கல்லைப் பாத்துக் கணக்குப் போட்டேன். தப்பாத்தான் காட்டுது.”

“அப்ப வண்டிதான் தப்பு. உன் ஜாவால மீட்டர் கேபிள் சக்கரத்துலேர்ந்து வரலை, கியர்பாக்ஸ்லேர்ந்து வருது. செயினை இழுக்கிற முன் பல்சக்கரம், ஸ்ப்ராக்கெட், அதைச் சின்னதா மாத்தினா, அதே தூரத்துக்கு எஞ்சின் அதிகமா சுத்தும். மீட்டருக்கு என்ன தெரியும் பாவம்? சுத்தினதைச் சொல்லும். போய்ப் பல்லை எண்ணு. பதினெட்டு இருக்கணும்.”

நடைபாதையில் குத்துக்காலிட்டு செயின் மூடியைக் கழற்றினேன். அழுக்கைத் துடைத்துவிட்டு எண்ணினேன். பதினான்கு. இன்னொரு முறை எண்ணினேன்.

நான் படித்தது இயற்பியல். ஐந்து வருடம்.

“யாரு மாத்தினது?” என்று உள்ளிருந்து கேட்டாள்.

“என் மச்சான்.”

மீட்டரை அவளே திரும்ப மாட்டித் தந்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள். எதையும் ரிப்பேர் பண்ணலையே என்றாள்.

ஓஸ்னியல் பன்றி வளர்க்கிறான். அந்தப் பிப்ரவரிக்கு முந்தைய டிசம்பரில், வருடக் கடைசி விருந்துக்குப் பன்றிகளை மலைக்கு மேல் ஏற்ற என் வண்டியை வாங்கிக்கொண்டு போனான். பின்னால் ஒரு சின்ன இழுவண்டியை மாட்டினான். திருப்பிக் கொடுத்தபோது, “பல்லு மாத்தியிருக்கேன் மச்சான், இப்ப மலை எப்படி ஏறுது பாரு. ஜனவரில பழசை மாட்டிடறேன்,” என்றான். சரி என்றேன். மைதெலின் பின்னால் உட்கார்ந்து மேட்டுத் தெருவில் ஏறியபோது நன்றாகத்தான் ஏறியது.

ஜனவரியில் மாட்டினானா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அடக்கத்துக்குப் பிறகு நான் மூன்று மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அப்போதும் வண்டி அவனிடம்தான் இருந்தது. ஜனவரியில் பழையதை மாட்டிவிட்டு, பிறகு மறுபடி மாற்றியிருக்கலாம். அப்படி இருந்தால் அன்றைக்கு எண்பது எண்பதுதான். என்னால் செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறேன். அப்படி இல்லை என்றால் இல்லை.

சனிக்கிழமை காலை ஆறோயோ ஓந்தோவுக்குக் கிளம்பினேன். அந்தச் சாலையில் அதற்குப் பிறகு போனதில்லை. மருத்துவமனை வாசலில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, முள்ளை எண்பதில் வைத்தேன். எஞ்சின் அன்றைக்கு அலறியதுபோலவே அலறியது. குழிகள் அதே இடங்களில் இருந்தன. ஊர் முனைக்கு வந்தபோது முப்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது. உண்மையான எண்பதில் வந்திருந்தால் இருபத்தொன்பது.

எட்டு நிமிடம்.

ஓஸ்னியல் பன்றிக் கொட்டிலில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தான். வண்டிச் சத்தம் கேட்டும் தலையைத் தூக்கவில்லை. ஒரு வருடமாக என்னிடம் அப்படித்தான். மற்றவர்களிடம் வாய் மூடாதவன்.

“ஏய் இன்ஸ்பெக்டர், தள்ளு, நீ ஏற்கெனவே தின்னாச்சு,” என்று ஒரு பெரிய பன்றியைக் காலால் ஒதுக்கினான். பிறகு, “சாப்பிட்டியா?” என்றான், என்னைப் பார்க்காமல்.

“ஓஸ்னியல், அந்தச் சின்ன ஸ்ப்ராக்கெட். ஜனவரில அதை எடுத்துட்டுப் பழசை மாட்டினியா?”

வாளியைக் கீழே வைத்தான். கையைச் சட்டையில் துடைத்தான். கை சுத்தமாகவில்லை. திரும்பத் துடைத்தான்.

“மாட்டலை.”

“அடக்கத்துக்கு அப்புறமா எப்பவாவது…”

“இல்லை. டிசம்பர்ல போட்டது. அப்படியேதான் கிடக்கு.” “நீ கேப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு வருஷமா. கேட்டுத் தொலையேன்டான்னு இருந்துச்சு. போர்வையைக் கட்டிவிட்டேன்ல, நீங்க போனீங்கள்ல, வளைவு திரும்பின அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. பன்னி இழுக்கிற பல்லைப் போட்டுவிட்டிருக்கேன், வண்டி வேகமா ஓடாதேன்னு. பின்னாடியே ஓடினேன். பாலம் வரைக்கும் ஓடினேன்.”

அது எனக்குத் தெரியாது. வழியெல்லாம் நான் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வண்டி ஓடுச்சு,” என்றேன். “எண்பது போதும்னு நான்தான் வெச்சிருந்தேன். பல்லு மாறினதால மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டியிருக்கு. எனக்கும் இந்த வாரம்தான் தெரியும்.”

“கொஞ்சம்னா?”

“கொஞ்சம்.”

“லெயோ, நீ படிச்சவன். கணக்குப் போட்டிருப்பே. போடாம இங்க வந்திருக்க மாட்டே. எத்தனை நிமிஷம்?”

இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்றான். பன்றி அவன் காலை முட்டிக்கொண்டிருந்தது. அவனை விட எனக்கு வயது குறைவு. அவன் முடி முன்பக்கம் நரைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“ரெண்டு,” என்றேன்.

“ரெண்டா?”

“ரெண்டரைன்னு வெச்சுக்க.”

“டாக்டர் கால் மணின்னார்ல?”

“ஆமா.”

“அப்ப ரெண்டரை நிமிஷத்துல…”

“ஒண்ணும் மாறியிருக்காது.”

அவன் கொட்டில் சுவரில் உட்கார்ந்தான். முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டான். நான் பார்க்காமல் இருக்க வாளியை எடுத்து மிச்சத் தீனியைத் தொட்டியில் கொட்டினேன். டாக்டர் கால் மணி என்று சொன்னது கை கழுவும்போது வாயில் வந்த ஒரு வார்த்தை. அவர் ஒன்றும் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஐந்தாகவும் இருக்கலாம். எட்டாகவும் இருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வீட்டுக்குள் போய், எண்ணெய்த் துணியில் சுற்றிய பழைய ஸ்ப்ராக்கெட்டோடு வந்தான். கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தானாம்.

“இப்பவே மாட்டிருவோம். அரை மணி வேலை,” என்றான். உடனே வண்டியின் கீழே படுத்துவிட்டான். ஸ்பேனர் கேட்டான், கொடுத்தேன். பேச ஆரம்பித்தான். “நீ ஆயில் மாத்துறதே இல்லையாடா? பன்னிகூட இதைவிடச் சுத்தமா இருக்கு.” இன்ஸ்பெக்டர் வேலியைத் தாண்டிப் பாதிரியார் தோட்டத்துக் கிழங்கைத் தின்றதையும், பாதிரியார் கையில் கம்போடு வந்ததையும் சொன்னான். சொல்லும்போதே சிரித்தான். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

பெரிய பல்லை மாட்டியதும் செயின் எட்டவில்லை.

“சே. அன்னிக்கு ரெண்டு கண்ணி வெட்டினேன்ல.”

“எங்க அது?”

“யாருக்குத் தெரியும்? பன்னி தின்னிருக்கும்.” வெளியே வந்து உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தான். நெற்றியில் கிரீஸ் அப்பியது. “சந்தியாகோவுலதான் தேடணும். வண்டி இங்கயே இருக்கட்டும். திங்கக்கிழமைக்குள்ள கண்ணி வாங்கி மாட்டி, நானே கொண்டாந்து தர்றேன். நீ ஒண்ணும் செய்யாதே. சரியா மச்சான்? நான் பாத்துக்கறேன்.”

“சரி.”

“அம்மா பீன்ஸ் போட்டுக் காங்ரீ சோறு செஞ்சிருக்கா. சாப்பிட்டுட்டுப் போ.”

“இல்லை. லாரி போயிரும்.”

சந்தியாகோவுக்கு ஆள் ஏற்றிப் போகும் லாரிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. அவனுக்கும் அது தெரியும். வற்புறுத்தவில்லை. சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தேன். பின்னால் அவன் பன்றியைத் திட்டும் சத்தம் பாலம் வரை கேட்டது.