மீனுக்கு வந்த மாவு

தேயிலைத் தோட்டத்து ரோட்டுக்குக் கிரவல் மண் வெட்டின பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் குளமாகிவிட்டது. தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை கரையைச் செப்பனிட்டு, புல் பதித்து, மீன் குஞ்சுகளை விட்டார். பதுளையிலிருந்து வரும் சிநேகிதர்கள் தூண்டில் போட்டு விளையாடணுமாம்! தொழிலாளர்கள் வரிசையாய்க் குடியிருக்கும் லயத்தில் சனம் பட்டினி கிடந்த காலத்தில்தான் இந்தக் கூத்து.

காவலுக்கு வீரமலை. மீனுக்குப் போடச் சொல்லி அவன் கையில் கோதுமை மாவு கொடுத்தார்கள். முதலில் யோக்கியமாகத்தான் போட்டான். சின்ன மகள் பசியில் சுருண்டு விழுந்த நாளிலிருந்து மாவெல்லாம் வீட்டுக்குப் போனது. அவன் மனைவி பெரியாயி ரொட்டி சுட்டாள்.

துரையின் சிநேகிதர்கள் வந்த அன்று வீரமலை கரையில் ஒதுங்கியே நின்றான். மீன் மெலிந்திருப்பதைத் துரை கண்டுபிடித்தால் வேலையும் போகும், குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும்.

ஆனால் தூண்டில் விழுந்ததுமே மீன்கள் பாய்ந்து கவ்வின. இரை மாட்டாத வெறும் முள்ளைக்கூட விழுங்கின. சிநேகிதர்கள் கைதட்டிக் கும்மாளம் போட்டார்கள். பிடித்ததையெல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே விட்டார்கள்.

பெரிய துரை ஒரு மீனைத் தூக்கி, அதன் ஒட்டிய வயிற்றைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"பசியில இருந்தாத்தான் ஓடி வந்து கடிக்குது, வீரமலை. இனிமே மீனுக்கு மாவு வேணாம்."

"சரிங்க தொரை" என்றான் வீரமலை.

லயத்தில் பெரியாயி அடுப்பை மூட்டி வைத்துக் காத்திருந்தாள்.