ஈரமில்லாத அழுகை

டாக்டரம்மா காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு, அதன் விளிம்பில் ஆங்காங்கே இடைவெளி விட்டார். "இது செல்லுக்கு நடுவுல இருக்கிற உட்கரு. உள்ள போறதும் வெளிய வர்றதும் இந்த வாசல்கள் வழியாத்தான். வாசல்ல இருக்கவேண்டிய ஒரு புரதம் உங்க பொண்ணுக்குச் சரியா அமையல. அதை உண்டாக்குற ஜீன்ல பிழை. உங்க ரெண்டு பேர்கிட்டேயிருந்தும் வந்திருக்கு."

"அதனால?" என்றாள் பெண்ணின் அம்மா.

"அதனாலதான் சாப்பாடு தொண்டைக்குக் கீழ இறங்க மாட்டேங்குது, மயக்கம் வருது. அழுதா கண்ணீர் வராது. பிறந்ததுலேருந்தே வந்திருக்காது."

அவள் கணவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். அகப்பட்டவர்கள் அவர் முன்னால் அழாத நாளே கிடையாது. கன்னம் நனைந்தால் போனால் போகிறதென்று விட்டுவிடுவார், நனையாவிட்டால் அபராதம். தன் காதில் யாரும் பூச்சுற்ற முடியாது என்று பீற்றிக்கொண்ட மனுஷன், அதே கணக்கை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வினை. மகள் தொண்டை கிழிய அழுவாள். கண் காய்ந்து கிடக்கும். "நம்ம நடிகை ஆரம்பிச்சுட்டா!" என்பார். அந்தப் பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. விழுங்க முடியவில்லை என்று அவள் அழுதபோதெல்லாம், தட்டு காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச காலமாக அவள் அழுவதே இல்லை. ஒருவழியாகத் திருந்திவிட்டாள் என்று சந்தோஷம்கூடப் பட்டார் மகானுபாவர். பள்ளியில் சுருண்டு விழுந்த அன்று காலையும் அவள் வாய் திறக்கவில்லை.

"தினமும் மாத்திரை போடணும்," என்றார் டாக்டரம்மா. "காய்ச்சல், வாந்தின்னா உடனே அளவைக் கூட்டணும். தாமதிச்சா உயிருக்கே ஆபத்து. உடம்புக்கு முடியலைன்னா உங்ககிட்ட சொல்லுவா இல்ல?"

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் காகிதத்தில் இருந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகளை மடியில் சாய்த்து, கண் காயாமலிருக்கக் கொடுத்த சொட்டு மருந்தைத் திறந்தார். "உனக்குக் கண்ணீர் சுரக்காதாம்டா. அப்பாவுக்குத் தெரியாமப் போச்சு. தப்பு என்மேலதான். இனிமே எங்க வலிச்சாலும் என்கிட்ட சொல்லணும், சரியா?"

எத்தனை தடவை சொல்லியிருப்பாள் பாவி மகள். நினைத்துக்கொண்டே பிழிந்ததில் மருந்து அதிகமாக விழுந்து, கண் நிறைந்து, கன்னத்தில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"இப்ப வலிக்குதுன்னா நம்புவியாப்பா?"

"எங்கடா வலிக்குது?" பதறிப்போனார்.

தாடைவரை இறங்கியிருந்த ஈரத்தை ஒரு விரலால் தொட்டு, அவர் கண்ணுக்கு நேரே நீட்டிக் காட்டினாள்.