பாவம் பார்க்காத பேனர்

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் பெற்ற அம்மாவுக்கே சொல்லத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல காசு கேட்கிற வேலை" என்று அந்த அம்மாள் அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கேட்டவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் நிஜத்தில் அது கௌரவமான வேலைதான். புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து, பார்வையில்லாதவர்கள் இலவசமாகக் கேட்கும்படி இணையதளத்தில் போடுகிற ஒரு தொண்டு நிறுவனம் அது. தளத்துக்குள் நுழைந்ததும், "நன்கொடை தாருங்கள்" என்று ஒரு பெட்டி வந்து வழிமறிக்குமே, அதற்குப் பெயர் பேனர். அதை எழுதுவதும், எப்படி எழுதினால் ஜனங்கள் பையில் கை விடுகிறார்கள் என்று சோதித்துப் பார்ப்பதும் இவள் பொறுப்பு. அலுவலகத்தில் அவளுக்குப் பேனர்க்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சோதனை என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு பேனர் தயார் செய்வார்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு இன்னொன்று. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டரே சீட்டுக் குலுக்கிப் போடும். ஒருவருக்கு ஒன்று விழுந்துவிட்டால் சோதனை முடியும்வரை அவர் தலையில் அதுதான். எதற்கு அதிக நன்கொடை வருகிறதோ அது ஜெயித்தது.

இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. சோதனைக்குப் போகும் பேனரைப் பற்றி வீட்டு ஆட்களிடம் மூச்சு விடக்கூடாது. முன்பு ஒருமுறை கணக்காளர் எழுதிய பேனர் சக்கைப்போடு போட்டது. அப்புறம் விசாரித்தால், நன்கொடையைத் தட்டித் தள்ளியதெல்லாம் அவருடைய மச்சான்மார்! அன்றிலிருந்து இந்த விதி. பேனர்க்காரி விதி என்றால் உயிரை விடுகிறவள். ஆகவே வீட்டில் புதுப் பேனர் பேச்சே கிடையாது.

வீட்டில் இருந்தது அவளும் அவள் கணவரும்தான். அவர் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. கை வைத்தால் எந்த முட்டியில் எந்த நரம்பு மக்கர் செய்கிறது என்று சொல்லிவிடுவார், வாயைத் திறந்தால் எதிராளி தப்ப முடியாது. "பாவம் சார், தனியா எப்படித்தான் வீட்டுக்குப் போறீங்களோ" என்று ஒரு நோயாளி உச்சுக்கொட்டியபோது, "நான் நடந்து போயிடுவேன். உங்க முட்டி இருக்கிற லட்சணத்துக்கு நீங்க எப்படிப் போவீங்கன்னுதான் எனக்குக் கவலை" என்றவர் அவர். பாவம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு அப்படி ஒரு எரிச்சல்.

அதைவிட எரிச்சல், பாராட்டு. வீட்டுக்கு வந்தவர்களுக்கு அவர் டீ போட்டுக் கொண்டுவந்தால், "அடடா! டீயெல்லாம் போடறாரே! பிரமாதம்!" என்று கை தட்டாத குறையாகக் கூவுவார்கள். அவர்கள் படியிறங்கியதும் மனைவி பக்கம் திரும்புவார். "எப்படி இருந்துச்சு?" "கண்றாவி. டிகாக்‌ஷனே இறங்கல." அவர் முகம் நிறைந்துவிடும். "என் டீ நல்லா இல்லைன்னு சொல்ற ஒரே ஆள் நீதான். அதுக்காகத்தான் உன்னைக் கட்டிக்கிட்டேன்" என்பார்.

இப்படிப்பட்ட மனுஷரின் மனைவி வேலை பார்க்கும் இடத்தில், வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த பேனர் எது தெரியுமா? கன்னத்தில் கண்ணீர் வழிய ஒரு குழந்தையின் படம். அடியில், "இந்தப் பிஞ்சின் இருளை நீக்குங்கள்." அதைப் பார்க்கும்போதெல்லாம் பேனர்க்காரிக்கு உடம்பு கூசும். இத்தனைக்கும் அந்தக் குழந்தை எங்கோ ஊசி போட்டுக்கொண்டு அழுத குழந்தை, கண் நன்றாகத் தெரிகிற குழந்தை. படம் விற்கிற கடையில் வாங்கியது.

"மேடம், அந்தப் படத்தை எடுத்துடலாம்" என்று இயக்குநரம்மாவிடம் அவள் நச்சரிக்காத நாள் இல்லை. இயக்குநரம்மா கெட்டவர் அல்ல. ஆனால் மாசாமாசம் சம்பளம் போட வேண்டியவர். "அழற பிள்ளைக்குத்தாம்மா பால் கிடைக்கும்" என்பார். கடைசியில் ஒருநாள், "சரி. நீ ஒண்ணு எழுது. இதோட மோத விட்டுப் பார்ப்போம். உன்னுது ஜெயிச்சா அந்தப் படத்தை நானே எடுத்துடறேன். தோத்தா, இனி ஜென்மத்துக்கும் இந்தப் பேச்சு கூடாது. சம்மதமா?" என்றார்.

சம்மதம் என்றாள். அழாத பேனர் ஒன்றை எழுதினாள். தளத்தில் அப்போது எல்லாரும் விழுந்து விழுந்து கேட்டது ஒரு துப்பறியும் நாவல். கடைசி அத்தியாயம் மட்டும் பதிவாகாமல் நின்றது. ஒலிப்பதிவுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. அதையே பிடித்துக்கொண்டாள். "சும்மா சொல்லக்கூடாது, இந்தக் கதாசிரியர் கெட்டிக்காரர்" என்று தன் வழக்கமான பேச்சிலேயே தொடங்கி, கொலைகாரனை ஒளித்து வைத்த சாமர்த்தியத்தைச் சொல்லி, கடைசி அத்தியாயம் நின்றுபோன கதையைச் சொல்லி, "பாதியில் தவிக்கும் எங்கள் நேயர்களைக் காப்பாற்றுங்கள்" என்று முடித்தாள். பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும் என்று வெப்சைட்காரரைப் படாதபாடு படுத்தினாள். பழைய பேனரில் 'மூடு' என்று தடித்த எழுத்தில் ஒரு பட்டன் இருந்தது. "அது வேண்டாம், அசிங்கமா இருக்கு. மூலையில மெல்லிசா ஒரு பெருக்கல் குறி வரைஞ்சு விடுங்க" என்றாள். அவரும் வரைந்துவிட்டார்.

சோதனை தொடங்கியது. அவள் பேனர் முதலில் தத்தளித்தது. பிறகு பிடித்தது பாருங்கள் ஓட்டம்! சின்னச் சின்னத் தொகைதான், ஆனால் சளைக்காமல் வந்துகொண்டே இருந்தது. அழுகிற குழந்தை வெகு தூரம் பின்தங்கிவிட்டது. பேனர்க்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் வாய் திறக்கக் கூடாதே தவிர, பாட்டு முணுமுணுக்கக் கூடாது என்று விதி இல்லையே. பாத்திரம் தேய்க்கும்போதுகூட முணுமுணுத்தாள்.

"என்ன, ஒரே குஷி?" என்றார் கணவர்.

"வேலை நல்லா போகுதுங்க. வேற எதுவும் கேட்காதீங்க."

"கேட்கல, கேட்கல" என்று அவர் சிரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் மாடியில் துணி உலர்த்திவிட்டு வந்தாள். கணவர் ஜன்னலோர நாற்காலியில் கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கைபேசி திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டு வாசிக்கும். காதில் மாட்டும் கருவி சார்ஜில் இருந்ததால் அன்று சத்தமாகவே வாசித்தது. "சும்மா சொல்லக்கூடாது, இந்தக் கதாசிரியர் கெட்டிக்காரர்" என்று அவளுடைய வாக்கியம் இயந்திரக் குரலில் வந்தது. அட, இவருக்கு நம் பேனர் விழுந்திருக்கிறதே என்று அவளுக்கு உள்ளூர ஒரு பூரிப்பு. சத்தம் காட்டாமல் நின்றாள்.

கைபேசி பேனரை முழுக்க வாசித்தது. அவர் விரலால் தள்ளினார். "நன்கொடை அளி, பட்டன்." மறுபடி தள்ளினார். "சும்மா சொல்லக்கூடாது." மறுபடி. "நன்கொடை அளி, பட்டன்." சுற்றிச் சுற்றி அந்த இரண்டே. மூடுகிற வழியைக் கைபேசி சொல்லவே இல்லை. எப்படிச் சொல்லும்? மூலையில் இருந்தது பட்டனே அல்ல, படம். கண் இருப்பவனுக்குத்தான் அது பெருக்கல் குறி. அவர் பெருமூச்சு விட்டு, இருப்பதிலேயே சின்னத் தொகையைத் தட்டினார். "மிக்க நன்றி" என்றது கைபேசி. அதன் பிறகுதான் கதை தொடங்கியது.

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

அவர் திடுக்கிட்டார். "என்னது?"

"எத்தனை நாளா இப்படிக் காசு கட்டிக் கதை கேட்கறீங்க?"

மறைக்கப் பார்த்தார். முடியவில்லை. "தினமும்தான். அது வந்த நாள்லேர்ந்து."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீதானே வீட்டுல பேனர் பேச்சே கூடாதுன்னே."

"அந்தக் கதையெல்லாம் வேண்டாம்."

அவர் கைபேசியை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "சும்மா சொல்லக்கூடாதுன்னு ஆரம்பிச்சா அது நீதான்னு எனக்குத் தெரியாதா? நீ பாட்டெல்லாம் பாடிக்கிட்டு இருந்தே. எவ்வளவு வருஷமா அந்தப் படத்தை எடுக்கணும்னு முட்டிக்கிட்டு இருக்கே. நான் போய், உன் பேனர் எங்களை உள்ளேயே விட மாட்டேங்குதுன்னு சொன்னா நீ உடைஞ்சு போயிடுவியேன்னுதான். எங்க பார்வையில்லாதவங்க குரூப்லயும் பாதிப் பேருக்கு இதுதான் வருதாம். சண்டை போடக் கிளம்பினாங்க. நான்தான், 'பொறுத்துக்கங்கப்பா, சின்னத் தொகைதானே, கட்டிட்டுப் போங்க'ன்னு சமாதானம் சொன்னேன்."

"எல்லாரும் கட்டினாங்களா?"

"எங்க குரூப்ல ஒரு வயலின் வாத்தியார் இருக்கார், அவர் கட்டல. அவர்கிட்ட கார்டு இல்ல. கதை கேட்கறதையே விட்டுட்டார்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்களே, அது இதுதான். பார்வையில்லாதவர்களுக்கான தளம். பேனரை எத்தனையோ பேர் கண்ணால் பார்த்தார்கள். காதால் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அப்படிக் கேட்கிற ஆள் அவள் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ஓடி வந்த காசெல்லாம் மனம் விரும்பிக் கொடுத்தது அல்ல, வெளியே போக வழி தெரியாமல் கொடுத்தது.

ஆனால் அவளைச் சுட்டது அதுகூட இல்லை. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் அவர் சமாதானத்துக்கு டீ போட்டு எடுத்து வந்தார். அவள் ஒரு வாய் குடித்தாள்.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம்" என்றாள்.

அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்களா போட்டீங்க? அடடா! அருமையான டீ!"

"ஏய், வேண்டாம்."

"ஏன், உடைஞ்சு போயிடுவீங்களேன்னுதான் சொல்றேன்." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "யாராவது உங்களைப் பாவம்னு பார்த்தா எப்படி வலிக்கும்னு உங்களுக்குத் தெரியும். என்னை மட்டும் பாவம்னு பார்த்துட்டீங்களே. ஊரையே கூட்டி வச்சுல்ல பாவம் பார்த்திருக்கீங்க!"

தட்டுத்தடுமாறாத மனுஷர், கதவு நிலையில் தோள் இடிக்க வெளியே போனார். ராத்திரி சாப்பாட்டின்போது, "தப்புதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவளுக்கு அது போதும்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக இயக்குநரம்மாவின் அறைக்குப் போனாள். "மேடம், என் பேனர் ஜெயிக்கல. ஜனங்களைப் பூட்டி வச்சு வசூல் பண்ணியிருக்கு" என்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போதே, தளத்தில் அந்தக் குழந்தை ஆயுசுக்கும் அழுதுகொண்டிருக்கப் போவது அவளுக்குத் தெரிந்தது.

இயக்குநரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஆமா மேடம்."

"உன் வீட்டுக்காரரும் நம்ம கணக்காளரோட மச்சான்மாருக்குச் சளைச்சவர் இல்ல போல." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எழுந்தார். "கட்டின அத்தனை பேருக்கும் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பி அனுப்பு. வயலின் வாத்தியாருக்கு நானே போன் பண்றேன். மூடற பட்டனைச் சரி பண்ணு. சோதனையை முதல்லேர்ந்து நடத்து. ஆனா பந்தயம் பந்தயம்தான். இந்தத் தடவை தோத்தா படம் இருக்கும்."

அன்று சாயங்காலம், சோதனை தொடங்கும் முன், விதியைக் கொஞ்சம் ஓரம் கட்டிவிட்டுப் பேனரைக் கணவரிடம் கொடுத்தாள். "இனிமே உங்க கைபேசி கணக்குல சேராது. அதனால தாராளமா திட்டலாம். கேட்டுட்டு உண்மையைச் சொல்லுங்க."

அவர் கேட்டார். 'மூடு' பட்டன் ஒழுங்காகப் பேசியது. முதல் காரியமாக அதை நாலைந்து தடவை ஆசை தீர அமுக்கினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்லா இல்லை."

அவளுக்குச் சுருக்கென்றது. கூடவே நெஞ்சில் என்னவோ இளகியது. "எது நல்லா இல்லை?"

"முதல்ல, ஒரே வளவளா. கதாசிரியர் கெட்டிக்காரரா இல்லையான்னு யார் கேட்டா? கொலைகாரன் யாருன்னு தெரியாம மண்டை காயுது எனக்கு. அதைச் சொல்லு. அப்புறம் கடைசியில 'காப்பாற்றுங்கள்'னு ஒரு வார்த்தை. எங்களை எதுக்குக் காப்பாத்தணும்? நாங்க என்ன கிணத்துலயா விழுந்துட்டோம்? அந்தப் படத்தைத் திட்டிக்கிட்டே நீயும் போய் அதே பள்ளத்துல விழறே."

அந்தப் பள்ளம் இத்தனை நாள் அவள் கண்ணில் படவே இல்லை. "வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. கொலைகாரன் மட்டும் நல்லா இருக்கான்."

இரண்டு பேருமாக உட்கார்ந்து அடித்தார்கள், திருத்தினார்கள், சண்டை போட்டார்கள். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "கொலைகாரன் யார் என்று எங்கள் நேயர்களுக்கு இன்னும் தெரியாது. கடைசி அத்தியாயம் பதிவாக வேண்டும். செலவில் பங்கு கொள்ளுங்கள். நீங்களும் கேட்க வாருங்கள்."

இந்த முறை ஓட்டமெல்லாம் இல்லை. ஒருநாள் குழந்தை முந்தும், ஒருநாள் கொலைகாரன் முந்துவான். பேனர்க்காரி பாட்டு முணுமுணுக்கவில்லை, நகத்தைக் கடித்தாள். சோதனை முடிந்த அன்று இயக்குநரம்மா அவளைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். நூலிழைதான். ஆனால் ஜெயித்தது கொலைகாரன். அவள் கண்ணெதிரிலேயே இயக்குநரம்மா அந்தப் படத்தை அழித்தார். "போ, பிழைச்சுப் போ குழந்தை" என்றார் படத்தைப் பார்த்து.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். "நூலிழையிலதான் ஜெயிச்சுது" என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தார். டீயை அவள் கையில் கொடுத்துவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி நின்றார். பழைய 'பிரமாதம்' இன்னும் அவர் காதில் இருந்திருக்க வேண்டும்.

அவள் நிதானமாக ஒரு வாய் குடித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"நல்லா இல்லைங்க" என்றாள். "சர்க்கரையே போடல."

"அப்பாடா!" என்று சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.