சைக்கிளைக் கொடுத்த மாப்பிள்ளை

“நேற்றுச் சைக்கிளைக் குடுத்தவன், நாளைக்கு உன்ரை தாலிக்கொடியையும் கழட்டிக் குடுப்பான்!”

“அப்பா, குடுக்காட்டி அவரை வேலையாலை நிப்பாட்டிப் போடுவினம்! கப்டனுக்காக ஓடுறதுதான் அவரின்ரை வேலை!”

பாரிஸின் ரூ காய் தெருவில் தவரத்தினம் அண்ணையின் மளிகைக்கடைக்குள் இப்படிச் சத்தம். நாங்கள் நாலைந்து பேர் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் நின்றோம். அவர் மகள் கஜந்தினிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை நிதுர்சன், டென்மார்க்கில் பிறந்த தமிழ்ப் பொடியன். சைக்கிள் பந்தயம் ஓடுவதுதான் அவன் தொழில். வருங்கால மருமகனைக் காட்டவென்று அண்ணை முதல்நாள் சொந்தபந்தம் முழுவதையும் கூட்டிப்போய்ப் பாரிஸ் வீதியோரம் நின்றார். அவர்கள் கண்ணெதிரே அணித்தலைவனான கப்டனின் சைக்கிள் ரயர் வெடித்தது. நிதுர்சன் இறங்கித் தன் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, காற்றுப்போன சைக்கிளோடு நின்றான். எல்லோரும் அவனைக் கடந்து போனார்கள். பின்னால் சித்தப்பாமார் சிரித்தார்கள்.

“அதாலைதான் கப்டன் பந்தயத்தை வெண்டவர் அப்பா!”

“அப்ப கப்டனைக் கட்டு!”

அதற்குமேல் கஜந்தினி பிரெஞ்சில் அழுதாள். நிதுர்சனின் அழைப்பை அண்ணை எடுக்கவேயில்லை.

அடுத்த வருடம் அவள் அலுவலகத்தில் வேலைசெய்யும் ஒரு மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு பாரிஸ் புறநகரான லெ பிளாங்-மெனிலுக்குப் போனாள். நிதுர்சன் இன்னும் கட்டவில்லையாம்.