பேச்சுக்கும் தெறிப்பு

ஆன்லைன் வகுப்பின் நடுவில் அனில்குமார் சாரின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. ஜெர்மன் வினைச்சொல் ஒன்றைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, கரையில் தூக்கிப்போட்ட கிளாத்தி மீனைப் போல லேப்டாப் திரையிலிருந்து அவர் டெல்சியைப் பார்த்தார். நாகர்கோவிலில் அவர் பேசிக்கொண்டுதான் இருப்பார். இங்கே வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அடுத்த அறையில் அம்மா செசிலியின் போனில் சீரியல் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது. மருமகள் அழுவதும் மாமியார் கதவை அறைவதும் துல்லியமாகக் கேட்டன.

"ஒனக்கு மட்டும் எப்பிடி நிக்குது? எனக்குக் கண்ணாடி போல ஓடுகே" என்றாள் செசிலி. "நீ என்னத்தையோ தப்பா அமுக்கியிருப்ப."

டெல்சி எதையும் தப்பாக அமுக்கவில்லை. வியாழக்கிழமை நாலு மணிக்கு ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரி அவளை வீடியோவில் நேர்முகம் காண்கிறது. நர்சிங் முடித்து, அந்த மொழியை இரண்டு வருடம் உருப்போட்டதெல்லாம் அந்த அரைமணி நேரத்துக்காக. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, பின்னாலிருந்து சொல்லிக்கொடுப்பதாகச் சந்தேகம் வந்தால் அத்தோடு முடிந்தது என்று சார் பலமுறை சொல்லியிருந்தார். ஆனால் புன்னைத்துறையில் வீடியோ கால் மட்டும் ஒரு மாதமாக நொண்டுகிறது. காரணம் எல்லோருக்கும் தெரியும். நெட் விடும் பெனிஷ் ஜங்ஷனில் போர்டே வைத்துவிட்டான்: 'கல்ஃப் பேக். கணவரின் முகம் இனி தெளிவாக.' தனிக் காசு கட்டி அந்தப் பேக் போட்டால் முகம் தெளியும். போடாவிட்டால் கணவன் கட்டம் கட்டமாகத்தான் வருவான்.

இதில் பெனிஷை மட்டும் சொல்லிப் பயனில்லை. புன்னைத்துறைக்காரர்களுக்கு எதையும் குத்தகைக்கு விட்டால்தான் தூக்கம் வரும். பிடித்துவரும் மீனில் கோயிலுக்குச் சேரவேண்டிய பங்கை, அதாவது தெறிப்பை, ஏலத்தில் ஒருவன் எடுப்பான். பிறகு கரையில் ஏறும் ஒவ்வொரு வள்ளத்திலும் அதை வசூலிப்பது அவன் பாடு. கோயில் தோப்பின் தேங்காயும் அப்படித்தான். எனவே நெட் கேபிள் ஊருக்குள் வந்தபோது, பூசை முடிந்து கோயில் முற்றத்தில் கூடி, அதையும் ஏலம் விட்டார்கள். பெனிஷ் எடுத்தான். அவனைத் தவிர வேறு யாரும் ஊருக்குள் வயர் இழுக்கக் கூடாது. தெறிப்புக் குத்தகையின் பத்திரத்தையே எடுத்து, மீன் என்று இருந்த இடத்தில் நெட் என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டார்கள். கோயில் கமிட்டி யோசித்துச் சேர்த்த நிபந்தனை ஒன்றே ஒன்று: ஞாயிறு பூசை லைவில் தடங்கல் வரக் கூடாது. மற்றவற்றில் வரலாமா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. செல்போன் டவர் சிக்னலோ, கடலுக்குள் கல் போட்டு நீட்டிய தூண்டில் வளைவின் கடைசிப் பாறையில் ஏறி நின்றால்தான் கிடைக்கும்.

கமிட்டிக் கூட்டத்தில் டெல்சி எழுந்து இதைக் கேட்டாள். செயலாளர் அல்போன்ஸ், அவளுடைய தாய்மாமன், மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காதுகொடுத்தார்.

"நெட்டு நிக்கல்லியே" என்றான் பெனிஷ். "பைய போவுது. நிக்கதும் பைய போறதும் ஒண்ணா மக்கா?"

"சீரியலு ஓடுகு, ஆளு பேசினா நொண்டுகு. ஒனக்க வயருக்குக் கண்ணு இருக்கா?" என்றாள் டெல்சி.

கூட்டம் சிரித்தது. பெனிஷும் சிரித்தான். "சீரியல் கம்பெனிக்காரன் எனக்குத் தாறான், அவன வேகமா விடுதேன். தெறிப்பு எடுக்கவன்ட்ட இன்ன மீன எடுக்காதேன்னு யாராவது சொல்லுவாங்களா?"

"மீனு கரையில ஏறுகு, நீ எடுக்க. எனக்க வாயில இருந்து வாற பேச்சிலயுமா ஒனக்குத் தெறிப்பு? எல்லாத்தையும் ஒண்ணுபோல விடணும்னு சட்டம் இருக்குலே."

"சட்டம் டெல்லியில கெடக்கட்டும் பிள்ளே" என்றார் அல்போன்ஸ். "ஊரு கூடி விட்ட குத்தகை. மூணு வருசத்துக்கு வாய் தொறக்க முடியாது."

துபாயிலும் மஸ்கட்டிலும் பிள்ளைகளை விட்டிருக்கும் பெண்கள் சுவரோரம் வரிசையாக இருந்தார்கள். டெல்சி அவர்களைப் பார்த்தாள். ஒருத்தி எழுந்தாள். நியாயம் பிறந்துவிட்டது என்று டெல்சி ஒரு கணம் நம்பினாள். "கிறிஸ்மஸுக்குப் பேக்ல ஏதாவது கொறச்சுத் தருவியா மக்களே?" என்று எழுந்தவள் பெனிஷிடம் கேட்டாள். யோசிக்கலாம் என்றான். சபை கைதட்டிக் கலைந்தது.

இவர்களிடம் பேசுவதையும் பெனிஷுக்குப் பேக் காசு அழுவதையும்விடக் குளச்சலில் தோழி ஜினோவின் வீட்டில் போய் உட்காரலாம் என்று டெல்சி முடிவுசெய்தாள். வியாழன் காலை அல்போன்ஸ் வந்தார், ஏதோ நன்மை செய்த முகத்தோடு.

"நீ எங்கயும் போவாண்டாம். பெனிஷ்ட்ட பேசியாச்சு. இன்னைக்கு ஒனக்குச் சும்மா தொறந்து விடுதான்."

"எனக்குச் சும்மா வேண்டாம் மாமா. எல்லாருக்கும் உள்ளது போதும்."

"பாத்தியா திமிர!" என்றாள் செசிலி. "ஊரு ஒண்ணு செய்யும்போ எழும்பிப் போனா நாளைக்கு எனக்க பொணத்துக்கு ஆளு வருமா?"

அதற்கு மேல் ஒரு மிரட்டல் அந்த ஊரில் கிடையாது. டெல்சி குளச்சலுக்குப் போகாமல் இருந்துவிட்டாள். மதியம் கோயில் மைக் கரகரத்தது. "நம்ம ஊரு மகள் டெல்சிக்கு நாலு மணிக்கு ஜெர்மனி இன்டர்வியூ. யாரும் நெட்டைத் தொடக்கூடாது. உதவி செய்யும் பெனிஷ் அவர்களுக்கு ஊர் சார்பாக நன்றி."

நாலு மணிக்கு ஊரே கட்டுப்பட்டது. உரிமை என்று கேட்டபோது விசிறி ஓசை வரைக்கும் நிறுத்தி இல்லை என்றவர்கள், உபகாரம் என்றதும் போனை அணைத்துக்கொண்டு புறப்பட்டு வந்தார்கள். போன் இல்லாமல் வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல், திறந்துவிட்ட நெட் எப்படிப் போகிறது என்று பார்க்க, முற்றம் நிறைய நின்றார்கள். டெல்சி கதவைப் பூட்டினாள். ஜன்னலுக்குக் கதவு கிடையாது; அதன் திரைச்சீலையைச் செசிலி துவைத்துக் காயவைத்த அன்றே கடற்காற்று கொண்டுபோயிருந்தது, கம்பிகள்தான் இருந்தன.

திரையில் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி வந்தார். கம்மலின் கல்கூடத் தெரிந்தது. முதல் கேள்விக்கு டெல்சி தடுமாறாமல் சொன்னாள். இரண்டாவதுக்கும் சொன்னாள், அந்தப் பெண்மணி புன்னகைத்தார். அப்போது ஜன்னலருகே பெனிஷின் குரல் எழுந்தது.

"எப்பிடிப் போவுது பாத்தியளா? வெண்ணெ போல!"

"சத்தம் போடாதலே" என்று பத்துப் பேர் சத்தம் போட்டார்கள்.

பெண்மணியின் புன்னகை போய்விட்டது. உங்களோடு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்றாள் டெல்சி. அப்படியானால் லேப்டாப்பைத் திருப்பி அறை முழுவதையும் எனக்குக் காட்டுங்கள் என்றார், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி.

டெல்சி இரு கைகளாலும் லேப்டாப்பைத் தூக்கினாள். சுவர், அலமாரி, பூட்டிய கதவு என்று மெதுவாகத் திருப்பினாள். பிறகு ஜன்னல் வந்தது. கம்பிகளுக்கு நடுவே நெருங்கி நின்ற முகங்கள் கேமராவைக் கண்டதும் மூச்சடக்கி நின்றன. முன்னால் நின்ற பெனிஷ் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைப் படிய வாரிக்கொண்டான்.